மைனர் ஞாயிறு வருது

வொட்ஸ்அப் குழு: தெகிவளை வீடு

சிவா சித்தப்பா: மொறிஸ் மைனர் காருக்கு பெயின்ற் முடிஞ்சுது. ஞாயிறு பின்னேரம் நீர்கொழும்பிலயிருந்து லொறியில வருது. கராஜ் ஒதுக்கவேணும். ஆர் வாறீங்கள்?

நிரோஷ்: நான் வாறன் மாமா

பெரியம்மா: அடுத்த வெள்ளி மாமாவின்ர திவசம், சிவா, உங்கட அப்பாவின்ர. சமையல் கிடாரம் ரெண்டும் கராஜுக்குள்ளதான் கிடக்கு. ஆரும் வெளியால உருட்டி நசுக்கிப் போடாதேங்கோ

துஷி அக்கா: என்ன கலர்? அப்பப்பா ஓடின அதே சாம்பலா?

சிவா சித்தப்பா: அதே சாம்பல் பிள்ளை

துஷி அக்கா: ❤️❤️ படம் போடுங்கோ

ரமணன்: சித்தப்பா, சாமானைத் தூக்க முதல் நிலத்தில சோக்கால கீறுங்கோ. கராஜ் உள்ளளவு 18 அடிக்கு 10 அடி. மைனர் 12 அடி 4 அங்குல நீளம், 5 அடி 1 அங்குல அகலம். நடுவில விட்டால் ரெண்டு பக்கமும் ரெண்டரை அடிதான் வரும், ஒரு பக்கமும் ஒழுங்கா வேலை செய்ய ஏலாது. இடப்பக்கச் சுவரிலயிருந்து ஒண்டரை அடி விட்டு நிப்பாட்டினால் ஓட்டுற பக்கம் 3 அடி 5 அங்குலம் கிடைக்கும். கதவு திறக்கும், ட்ரொலி ஜாக்கும் போகும். முன்சுவரோட 2 அடி அகல மேசை. அதுக்கும் பம்பருக்கும் இடையில 3 அடி. பின்னால 8 அங்குலம் மிஞ்சும், கேற் பூட்டப்படும். வலப்பக்கச் சுவரில 4 அங்குலத்துக்கு மேல துருத்திற ஒண்டும் வேண்டாம்.

நிரோஷ்: 👍

சுபா சித்தி: அப்ப வோஷிங் மெசின்?

ரமணன்: பின் விறாந்தைக்கு சித்தி

சுபா சித்தி: மழைச் சாரல் அடிக்கிற இடம் அது

சிவா சித்தப்பா: பிறகு பாப்பம். நிலத்துக்கு எபொக்ஸி பெயின்ற் அடிச்சிட்டுக் காரை ஏத்துவம் எண்டு இருக்கிறன். வாளி வாங்கியாச்சு

ரமணன்: ஐயோ வேண்டாம் சித்தப்பா. சீமெந்து போட்டு ரெண்டு கிழமைதானே. குறைஞ்சது 28 நாள் போகவேணும், போனாலும் ஈரம் பாக்கவேணும். 18 அங்குலச் சதுரப் பொலித்தீன் ஒண்டை நிலத்தில விரிச்சு நாலு பக்கமும் ரேப் ஒட்டி ஒரு முழு நாள் விடுங்கோ. உரிக்கேக்க அடியில வேர்த்திருந்தாலோ, சீமெந்து கறுத்திருந்தாலோ ஈரம் கீழயிருந்து ஏறுது. அதுக்கு மேல அடிச்ச பெயின்ற் கொப்பளிக்கும். மேசன் பாஸ் நிலத்தைக் கண்ணாடி மாதிரி வேற மினுக்கி வைச்சிருக்கிறார். கிரைண்டர் பிடிச்சுச் சொரசொரப்பாக்காமல் அடிச்சால், ஓடி வந்த சூட்டு டயர் ஆறேக்க பெயின்றைக் கவ்வி, அடுத்த நாள் கார் நகர டயர் அகலத்துக்கே உரிச்சுக்கொண்டு வரும். இப்பத்தைக்கு எஞ்சினுக்குக் கீழ ஒரு தகரத் தட்டு வையுங்கோ, காணும்.

சிவா சித்தப்பா: பாஸ் அடிக்கலாம் எண்டவர்

பெரியம்மா: கிடாரம் எங்க வைக்கப் போறியள்

நிரோஷ்: கொம்ப்ரசர் என்ர வானில கொண்டு வாறன். 2 குதிரை வலு. சமையலறை ப்ளக்கில வயர் இழுக்கலாமோ

ரமணன்: மச்சான், அந்த வயர் மேசை லைற்றுக்குரிய மெல்லிய வயர். ஸ்டார்ட் பண்ணேக்க மோட்டர் சாதாரணமா இழுக்கிறதைப் போல அஞ்சாறு மடங்கு கரண்ட் இழுக்கும். மெல்லிய நீள வயரில வோல்டேஜ் இறங்கும், மோட்டர் சுத்தாமல் உறுமிக்கொண்டு நிண்டு கொயில் எரிஞ்சுபோம். மெயின் கரண்ட் போட்டிலயிருந்து 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில தனி லைன், 20 அம்ப் பிறேக்கர், ஏர்த் கட்டாயம். 30 மில்லிஅம்ப் ட்ரிப் ஸ்விட்ச் இருக்கா பாருங்கோ, மாசம் ஒருக்கா அதின்ர டெஸ்ட் பட்டனை அமத்தவேணும். ப்ளக் எல்லாம் நிலத்திலயிருந்து 18 அங்குலத்துக்கு மேல. பெற்றோல் ஆவி காத்தை விடக் கனம், நிலத்தோடதான் பரவும். எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டுச் செய்விப்பம், நாங்கள் தொடவேண்டாம்.

ரமணன்: சித்தி, மேலதிக காஸ் சிலிண்டர் இன்னும் கராஜிலயோ?

சுபா சித்தி: வேற எங்க வைக்கிறது?

ரமணன்: வெளியால, காத்தோட்டமான இடத்தில. சமையல் காஸும் நிலத்தோட தங்கிற சாமான்தான். தின்னர் தகரமும் போகவேணும்.

சிவா சித்தப்பா: சரி சரி. அப்பாவின்ர ஸ்பனர் பெட்டி திறந்தன். எல்லாம் கலந்து கிடக்கு

ரமணன்: அதைத்தான் முதல் பிரிக்கவேணும். மைனருக்கு அங்குல ஸ்பனர், மற்றக் காருக்கு மில்லிமீற்றர். அரை அங்குலம் எண்டால் 12.7 மில்லிமீற்றர். ஆரும் அவசரத்தில 13 போட்டுப் பலமா இழுத்தால் நட்டின்ர மூலை உருண்டுபோம். 16இல் 9 அங்குலம் 14.3, அதுக்கு 14 ஏறாது, 15 லூஸ். ரெண்டு லாச்சி, ரெண்டு கலர் ரேப். அங்குலத்துக்குச் சிவப்பு.

நிரோஷ்: கடற்காத்துக்குத் துருப் பிடிச்சுத்தான் இருக்கும்

பெரியம்மா: மாமா லாச்சிக்குள்ள கற்பூரம் போட்டு வைக்கிறவர்

ரமணன்: அது சரிதான் பெரியம்மா. மூடின லாச்சியில கற்பூர ஆவி இரும்பில மெல்லிசாப் படியும். எண்ணெய்த் துணியால ஒரு துடையும் துடைச்சால் இன்னும் நல்லம். அந்தத் துணியைக் குவிச்சு மட்டும் வைக்காதேங்கோ. லின்சீட் எண்ணெய்த் துணி தானாச் சூடேறிப் பத்தும், கொடியில விரிச்சுக் காயப்போடுங்கோ. சாமான் கொழுவ மரப் பெக்போட்டும் வேண்டாம், ஈரத்துக்கு ஊதும். ஓட்டைத் தகரம் வாங்குவம், பழைய சோனகத் தெருவில பாக்கலாம்.

சிவா சித்தப்பா: சாமானை இறுக்கிப் பிடிக்க அப்பாவின்ர வைஸ் இல்லாமல் மேசை மேசையே இல்லை

சுபா சித்தி: அது வத்தளையில

துஷி அக்கா: 🙈

நிரோஷ்: அப்பாட்டக் கேக்கிறன் மாமா

சிவா சித்தப்பா: செத்தவீடு முடிஞ்ச கிழமை போன வைஸ். ரெண்டு வருசம்

பெரியம்மா: சிவா, குழுவில வேண்டாம்

ரமணன்: எந்த வைஸ் வந்தாலும் வாய் முழங்கை உயரத்துக்கு வரவேணும். மேசைக் காலுக்கு நேர் மேல பூட்டுங்கோ, நடுவில பூட்டினால் பலகை துள்ளும். லைற் இன்னும் முக்கியம். காருக்கு நேர் மேல ஒண்டைப் போட்டால் காரின்ர கூரை வெளிச்சத்தை மறைச்சிடும். 4 அடி எல்இடி ரியூப் ரெண்டை ரெண்டு பக்கமும் நீளவாக்கில, மூண்டாவதை மேசைக்கு மேல. காசு குறைவெண்டால் அலுமாரியை விட்டிட்டு லைற்றைப் போடுங்கோ.

நிரோஷ்: ஜாக் ஸ்டாண்ட் 4 இருக்கு, 3 டொன்

ரமணன்: நல்லது. ஜாக்கை மட்டும் நம்பி ஒருத்தரும் அடியில போகப்படாது. ஸீல் ஒண்டு கசிஞ்சால் கார் இறங்கிடும். சித்தப்பா, டைனமோ மாத்தேல்லத்தானே?

சிவா சித்தப்பா: இல்லை

ரமணன்: அப்ப பொசிட்டிவ் ஏர்த், பெட்டரியின்ர பிளஸ்தான் கார் பொடியோட. சார்ஜரின்ர சிவப்பு பிளஸ்ஸுக்கு, கறுப்பு மைனஸுக்கு, அதில மாற்றமில்லை. ஆனா பெட்டரி கழட்டேக்க பொடிக்குப் போற வயரைத்தான் முதல் கழட்டவேணும். இதில அது பிளஸ். மற்றதை முதல் கழட்டி, ஸ்பனர் பொடியில முட்டினால் அப்பிடியே ஷோர்ட். நிரோஷின்ர வான் பெட்டரியிலயிருந்து வயர் குடுத்து ஜம்ப் ஸ்டார்ட் பண்ணவும் வேண்டாம்.

சிவா சித்தப்பா: விளங்குது. ஞாயிறு காலமை 8க்கு வாங்கோ

நிரோஷ்: வைஸோட வாறனோ தெரியாது மாமா, நான் வாறன்

சுபா சித்தி: சாப்பாட்டுக்கு எத்தனை பேர்?

ரமணன்: மேசைக்கு 35 அங்குல உயரம் போதுமா சித்தப்பா? மரக்காலைக்குச் சொல்லவேணும்

சிவா சித்தப்பா: நாளைக்குச் சொல்லுறன்

பெரியம்மா: கிடாரத்துக்கு ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்ல