கம்பிச் சிற்பத்தில் ஒலி நீளவில்லை, அவசரம்

இரும்புக்கை: ஒலிக்கும் கம்பிச் சிற்பங்கள் செய்த ஹாரி பெர்டோயா பாணியில் கம்பிகளை வரிசையாக நட்டு ஒன்று செய்திருக்கிறேன். கையால் தள்ளிவிட்டால் ஒலிக்கிறது, ஆனால் உடனே அடங்கிவிடுகிறது, கூடவே கடகடவென்று ஒரு சத்தம். சனிக்கிழமை வாசிக்கணும். என்ன செய்யலாம்?

மாறன்: என்ன கம்பி? எத்தனை மி.மீ.? எதில் நட்டீங்க?

ரீங்காரம்: காண்டாக்ட் மைக்கை (அதிர்வை நேரடியாகப் பிடிக்கிற ஒட்டு மைக்) அடியில் ஒட்டி கம்ப்ரசர் (சத்த ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கருவி) போடுங்க ப்ரோ, அடங்குகிற ஒலியும் மேலே வந்துவிடும். எனக்கு எப்பவும் கைகொடுப்பது இதுதான்.

தகடு: அப்போ கடகடப்பும் சேர்ந்து மேலே வருமே! முதலில் எதில் நட்டார் என்று சொல்லட்டும்.

பழையவன்: இங்கே பலமுறை பேசியதுதான், தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கலாம். பெர்டோயா பெரிலியம் செம்புக் கம்பியைப் பித்தளைத் தட்டில் பற்றவைத்தார். கடையில் கிடைத்த கம்பியை வைத்துக்கொண்டு அந்த ஒலி வேண்டும் என்றால் எப்படி தம்பி?

இரும்புக்கை: ஸ்டெயின்லெஸ், 3 மி.மீ., 30 செ.மீ. உயரம். வேப்பம்பலகையில் துளை போட்டு பசை வைத்தேன்.

தகடு: பலகைதான் காரணம். இந்த அளவுக்கு அடிச்சுருதி சுமார் 23 ஹெர்ட்ஸ், அது ஆட்டமாகத்தான் தெரியும். நாம் கேட்பது அதன் 6.27 மடங்கு, 17.5 மடங்கு மேல்சுருதிகளை, அவற்றை மரமும் பசையும் குடித்துவிடுகின்றன. 12 மி.மீ. இரும்புத் தட்டில் இறுக்கமான துளை போட்டு, பக்கவாட்டில் கிரப் ஸ்குரூ (தலையில்லாத திருகாணி) வைத்து முடுக்குங்க. லேத் பட்டறையில் ஒரே நாளில் முடியும். கம்பி துளைக்குள் ஆடினால் கடகடப்பு போகாது.

பழையவன்: தட்டிவிட்டு அடங்குவது ட்ரோனே (விடாமல் நீளும் ஒலி) இல்லை. ராபர்ட் ரட்மேனின் ஸ்டீல் செல்லோ மாதிரி தகட்டில் தந்தி கட்டி வில் போடணும்.

மாறன்: அதெப்படி சார்? ஒரு கம்பி அடங்கும்முன் அடுத்தது எழுகிறது, கிட்டத்தட்ட ஒரே சுருதியில் இருப்பவை சேர்ந்து அலையடிக்கின்றன. பென்சில்வேனியாவில் பெர்டோயாவின் கொட்டகையில் பதிவு செய்த 1970 இசைத்தட்டைக் கேளுங்க, இடைவெளியே இருக்காது.

பழையவன்: அதில் டேப்பை அடுக்கியிருக்கிறார், ஒரு பதிவின் மேல் இன்னொன்றாக.

ரீங்காரம்: அவரே அடுக்கலாம், நான் கம்ப்ரசர் போட்டால் மட்டும் தப்பா?

பழையவன்: அடுக்கியதும் கம்பியின் ஒலியைத்தான். கம்ப்ரசர் அது அடங்குகிற விதத்தையே மாற்றிவிடும்.

இரும்புக்கை: இரும்புத் தட்டுக்கு மாற்றியாச்சு, நல்லா நீளுது. ஓரத்தில் ஒன்று மட்டும் கடகடக்குது. நன்றி தகடு அண்ணா.

தகடு: அந்த ஒன்றில் துளை பெரிசாயிருச்சா, ஸ்குரூ சரியா பிடிக்கலையா?