என் மெஷினில் ஓடுது, பில்ட் சர்வரில் (நிரலைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் கணினி) விழுது: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

பிரிக்பீல்ட்ஸ்வாசி:
மேக்கில் பச்சை, பில்ட் ஓடுது. லினக்ஸிலும் விண்டோஸிலும் சிவப்பு, விழுது. 'கொடி.பிஎன்ஜி இல்லை' என்று பில்ட் நிற்கிறது. பட்டியலைப் போட்டால் கொடி.பிஎன்ஜி அங்கேயே உட்கார்ந்திருக்கிறது! ராத்திரி ஒரு மணி, மாமாக் கடை, தே தாரிக் டீ ஆறிப்போச்சு. கடைசியில் பெயரை ஹெக்ஸில், அதாவது உள்ளே இருக்கும் பைட்டுகளாகப் பார்த்தேன். பில்ட் ஸ்கிரிப்டில் இருந்த 'கொ' 6 பைட், டிஸ்க்கில் இருந்த 'கொ' 9 பைட். ஒன்றில் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறி, மற்றதில் கொம்பு தனி, கால் தனி. டிசைனர் பழைய மேக்கிலிருந்து ஜிப் அனுப்பியிருந்தார். அந்த மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் என்ற டிஸ்க் அமைப்பு பெயரைப் பிரித்துத்தான் வைக்கும். நான் லினக்ஸில் அவிழ்த்து அப்படியே கிட்டில் (கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) கமிட் செய்துவிட்டேன். மேக்குக்கு இரண்டும் ஒரே பெயர், மற்ற இரண்டுக்கும் வேறு வேறு. பத்து தடவை உற்றுப் பார்த்தும் என் கண்ணுக்குத் தெரியவில்லையே!

பாயான்லெப்பாஸ்:
எனக்கு காலையில் மட்டும் விழும். ஆபீஸ் விண்டோஸ் மெஷினில் எப்போதும் பச்சை, கிளவுட் லினக்ஸில் ஏழரைக்குச் சிவப்பு. பினாங்கு பாலத்து ஜாமில் போனைப் பார்த்து நொந்துகொள்வேன். ஆபீஸ் போய் ஒன்பதுக்கு ரீரன் அமுக்கினால் பச்சை! மூன்று வாரம் இப்படியே அமுக்கினேன், வெட்கம். கிளவுட் மெஷின் யுடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடுகிறது, மலேசியாவில் நாம் 8 மணி நேரம் முன்னால். நமக்குக் காலை எட்டு அடிக்கும்வரை அதற்கு நேற்றுதான். டெஸ்ட் 'இன்றைய தேதி'யை ஒப்பிட்டுக்கொண்டிருந்தது.

செந்தூல்அண்ணன்:
தம்பி பிரிக்பீல்ட்ஸ், கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தது உங்கள் தப்பு. எனக்கு நடந்தது சின்ன விஷயம்: விண்டோஸில் சேமித்த ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகள் எழுதிய கோப்பு), லினக்ஸில் 'பேட் இன்டர்பிரெட்டர்' என்றது. முதல் வரி முடிவில் விண்டோஸ் சேர்த்த, கண்ணுக்குத் தெரியாத சிஆர் என்ற ஒரு குறி, அவ்வளவுதான். எல்லாரும் கேட்டுக்கோங்க. கிட்டுக்கு விதி சொல்லும் கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் ஷெல் ஸ்கிரிப்டுக்கு எல்எஃப் (லினக்ஸ் பாணி வரி முடிவு) என்று எழுதிவையுங்கள். எழுதினால் மட்டும் போதாது, பழைய கோப்புகளை ரீநார்மலைஸ் செய்து (வரி முடிவுகளை அந்த விதிப்படி சீராக்கி) கமிட் போடணும். கோப்புப் பெயரெல்லாம் சின்ன எழுத்தில் இருக்கட்டும். பெரிய எழுத்து 'எல்' போட்ட லோகோவும் சின்ன 'எல்' லோகோவும் மேக், விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு இரண்டு. விண்டோஸில் பாதை 260 எழுத்தைத் தாண்டினாலும் பல கருவிகள் மூச்சை விட்டுவிடும், ஆழமான ஃபோல்டர் வேண்டாம். அப்புறம்…

பிரிக்பீல்ட்ஸ்வாசி:
அண்ணே, அது தமிழ்ப்பள்ளிக்கான ஆப். கோப்புக்குப் பெயர் வைப்பது ஆசிரியர்கள், நான் இல்லை லா. அவிழ்க்கும் இடத்திலேயே எல்லாப் பெயரையும் என்எஃப்சிக்கு, அதாவது கொம்பும் காலும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்ற ஒரு வரி சேர்த்தேன். கொடி இப்போது மூன்றிலும் பறக்குது.