மறு: ஃபர்ம்வேருக்குத் தமிழில் என்ன? நிலைப்பொருளா, உள்நிரலா?

வணக்கம். ஃபர்ம்வேர் (firmware), அதாவது ஒரு சாதனத்துக்குள்ளேயே ஓடி அதை இயங்கவைக்கும் நிரல், என்பதற்கு எந்தத் தமிழ்ச்சொல்லை வைப்பது என்ற கேள்விக்கு என் பதில் இது.

> வன்பொருள், மென்பொருள் வரிசையில் நிலைப்பொருள் அழகாகப் பொருந்துகிறது. ஏற்கெனவே புழக்கத்திலும் இருக்கிறது. எதற்கு மாற்ற வேண்டும்?

வரிசை பொருந்துகிறது, ஒத்துக்கொள்கிறேன் ஐயா. ஆனால் இந்தச் சொல் பிழைச்செய்தியில் வரப்போகிறது. பழைய மடிக்கணினியில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவுகிறவரை நினைத்துப் பாருங்கள். உள்ளே இருப்பது பிராட்காம் பிசிஎம்4312 வைஃபை அட்டை. லினக்ஸ் அட்டையை அடையாளம் கண்டுவிட்டது, அதைக் கையாளும் மென்பொருளான பி43 இயக்கியும் (driver) ஏறிவிட்டது, ஆனாலும் வைஃபை பட்டியல் காலி. கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) எழுதும் பதிவைத் திறந்தால் 'யுகோட்15' என்ற ஃபர்ம்வேர் கோப்பைக் காணோம் என்கிறது. அங்கே "நிலைப்பொருள் இல்லை" என்று எழுதினால், அட்டைக்குள் நிலையாக இருக்கவேண்டிய ஏதோ அழிந்துவிட்டது, அட்டை போச்சு என்றுதான் அவர் நினைப்பார்.

இந்த அட்டையைப் பொறுத்தவரை அப்படி நிலையாக எதுவும் இல்லை. ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் இயக்கி அந்தக் கோப்பை வட்டிலிருந்து எடுத்து அட்டையின் நினைவகத்தில் ஏற்றுகிறது. கணினியை அணைத்தால் அதுவும் போய்விடும்.

இன்னொன்று. 1967இல் ஆஷர் ஓப்லர் 'டேட்டாமேஷன்' இதழில் ஃபர்ம்வேர் என்ற சொல்லை முன்வைத்தபோது, மாற்றி எழுதக்கூடிய நினைவகத்தில் ஏற்றும் நுண்நிரலைப் (செயலியின் அடிப்படைக் கட்டளைகளை நடத்தும் நிரல்) பற்றித்தான் பேசினார். சில்லில் பதித்த, அசையாத நிரல் என்ற பொருள் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. நிலைப்பொருள் அந்தப் பிற்காலப் பொருளை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

> அப்படியானால் இதையும் இயக்கி என்றே சொல்லிவிடலாமே?

வேண்டவே வேண்டாம். இயக்கி கர்னலின் பகுதியாகக் கணினியின் செயலியில் ஓடுகிறது. இது அட்டைக்குள் இருக்கும் குட்டிச் செயலியில் ஓடுகிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், இயக்கி இருந்தும் வைஃபை வராதவரை எதைத் தேடச் சொல்வது?

என் பரிந்துரை உள்நிரல். சாதனத்துக்குள் ஓடும் நிரல், அவ்வளவுதான். அது எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பற்றி இந்தச் சொல் வாயே திறப்பதில்லை. அதனால் தாய்ப்பலகைச் சில்லில் இருந்து கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸுக்கும் சரியாக வரும். 'பொருள்' வரிசை உடைகிறது, உடையட்டும். உள்நிரல் கோப்பு, உள்நிரல் பொதி (package), உள்நிரலைப் புதுப்பி எல்லாம் நாக்கில் இடறாமல் வருகின்றன. நிலைப்பொருளைத் தேடி வருகிறவர்களுக்காகச் சொற்பட்டியலில் "காண்க: உள்நிரல்" என்று ஒரு வரி போட்டுவிடலாம்.

> டெபியன் 12 நிறுவியிலேயே ஃபர்ம்வேர் வந்துவிட்டதே, இனி யார் இந்தச் செய்தியைப் பார்க்கப்போகிறார்கள்?

டெபியன் திட்டத்தின் 2022 வாக்கெடுப்புக்குப் பிறகு கட்டற்றதல்லாத (மாற்றவும் பகிரவும் முழு உரிமை தராத) உள்நிரல்களையும் சேர்க்கத் தொடங்கினார்கள். இன்டெல் வைஃபை அட்டைக்காரர்கள் பிழைத்தார்கள். பி43 கோப்புகளுக்கு மறுவிநியோக உரிமை இல்லாததால் அவை நிறுவியில் இல்லை. அவற்றை இறக்கித் தரும் பொதி தனியாக இருக்கிறது, ஆனால் அது வேலை செய்ய இணையம் வேண்டும். வைஃபை வேண்டுமென்றால் முதலில் இணையம் வேண்டும் என்ற கூத்து! ஆகவே செய்தியை இப்படி வைக்கலாம்:

"வைஃபை அட்டைக்கான உள்நிரல் கோப்பு கிடைக்கவில்லை. இது அட்டையின் பழுது அல்ல. நெட்வொர்க் கேபிள் அல்லது கைபேசியின் யுஎஸ்பி டெதரிங் மூலம் இணையத்தில் இணைந்து, உள்நிரல் பொதியை நிறுவவும்."

கோப்பின் பெயரை மட்டும் தமிழாக்காமல் மூலத்தில் உள்ளபடியே விடுவோம். தேடுபொறியில் அதைத்தான் ஒட்டுவார்கள்.