சாலொமோனைத் தவிர, பைபிளில் ஞானத்தால் சண்டை தீர்த்தவர்கள் யார்?

செந்தூல் வாலிபன்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். செந்தூலில் எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் அடுத்த வெள்ளிக்கிழமை நான்தான் வேதபாடம் எடுக்க வேண்டும். தலைப்பு, ஞானத்தால் சமாதானம் செய்தவர்கள். கேட்டவுடனே வாயில் வருவது சாலொமோனும் ஒரு குழந்தைக்கு அடித்துக்கொண்ட இரண்டு பெண்களும்தான். ஆனால் அவர் ராஜா, கையில் பட்டயம், சொன்னால் நடக்கும். எனக்கு வேண்டியது அதிகாரம் ஒன்றும் இல்லாதவர்கள். எங்கள் சபையில் இரண்டு குடும்பங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை, இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் என் வகுப்பில்தான் உட்காருகிறார்கள். சும்மா பாடம் எடுத்தோம் போனோம் என்று இருக்க மனசு வரவில்லை. யாரை எடுக்கலாம்?

பிறை அக்கா:
தம்பி, யோசிக்கவே வேண்டாம், அபிகாயில். 1 சாமுவேல் 25. அவள் புருஷன் நாபாலுக்கு 3,000 ஆடு, 1,000 வெள்ளாடு, கர்மேலில் மயிர் கத்தரிக்கிற நாள். வனாந்தரத்தில் அவன் மேய்ப்பர்களுக்கு, இன்னும் ராஜாவாகாத தாவீதின் ஆட்கள் இரவும் பகலும் மதிலாக இருந்திருக்கிறார்கள். அதைச் சொல்லித் தாவீது 10 பேரை அனுப்பி, கையில் இருப்பதைக் கொடுங்கள் என்று மரியாதையாகத்தான் கேட்கிறான். தாவீது என்பவன் யார் என்று நாபால் சீறி விழுகிறான். அவ்வளவுதான், தாவீது 400 பேரோடு பட்டயத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான், விடிவதற்குள் அந்த வீட்டில் ஓர் ஆண்பிள்ளை மிஞ்சக் கூடாது என்று.

ஓடிவந்து அபிகாயிலிடம் விஷயத்தைச் சொன்னது ஒரு வேலைக்காரன். எஜமானிடம் பேச முடியாது என்று தெரிந்து எஜமானியிடம் வருகிறான். வேலைக்காரன் பயமில்லாமல் வந்து சொல்லக்கூடிய ஆளாக அவள் இருந்திருக்கிறாள், பாதி ஞானம் அதிலேயே இருக்கிறது என்பேன். 200 அப்பம், இரண்டு துருத்தி திராட்சரசம், சமைத்த ஐந்து ஆடு, ஐந்து படி வறுத்த பயறு, 100 திராட்சை வற்றல் குலை, 200 அத்திப்பழ அடை, எல்லாவற்றையும் கழுதைகள்மேல் ஏற்றி முன்னால் அனுப்பிவிட்டுத் தான் பின்னால் போகிறாள். பசியோடு வருகிறவனுக்கு முதலில் சாப்பாடு, பேச்சு அப்புறம். அந்தப் பேச்சிலும் நீ செய்வது தப்பு என்று எடுத்தவுடனே சொல்லவில்லை. நாளைக்கு நீர் ராஜாவாகும்போது, காரணமில்லாமல் இரத்தம் சிந்தினோமே என்ற உறுத்தல் உமக்கு இருக்கக் கூடாது என்கிறாள்.

வீட்டுக்குத் திரும்பி வந்தால் நாபால் நன்றாகக் குடித்திருக்கிறான். அவள் வாயே திறக்கவில்லை, விடிந்து வெறி தெளிந்த பிறகுதான் சொல்கிறாள். தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்கு இதற்கு விளக்கமே வேண்டாம், குடித்துவிட்டு வந்தவனிடம் ராத்திரியில் நியாயம் பேசக் கூடாது என்று என் பாட்டிக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகன்:
அக்கா சொன்னதோடு நியாயாதிபதிகள் 8, 12 இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். இரண்டிலும் இஸ்ரவேலின் ஒரு கோத்திரமான எப்பிராயீம்காரர்கள்தான் சண்டைக்கு வருகிறார்கள், புகாரும் ஒன்றுதான், யுத்தத்துக்குப் போனபோது எங்களை ஏன் கூப்பிடவில்லை? நம் கல்யாணங்களில் பத்திரிகை வைக்கவில்லை என்று வருகிற சண்டை மாதிரி. 8இல், இஸ்ரவேலை நடத்திய கிதியோன் எதிரிகளான மீதியானியரை முறியடித்துத் துரத்திக்கொண்டிருக்கிற நேரம், நெஞ்சை நிமிர்த்திப் பேசியிருக்கலாம். ஆனால் ஓரேப், சேப் என்ற இரண்டு அதிபதிகளைப் பிடித்தது நீங்கள், அதற்கு முன்னால் நான் செய்தது எம்மாத்திரம் என்கிறான். கோபம் இறங்கிவிட்டது, மூன்றே வசனம். 12இல் வருகிற தலைவன் யெப்தாவோ அதே எப்பிராயீமிடம், நான் கூப்பிட்டேன், நீங்கள்தான் வந்து காப்பாற்றவில்லை என்று கணக்குக் கேட்டான். அவன் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சண்டை மூண்டு, எப்பிராயீமில் 42,000 பேர் யோர்தான் துறைகளில் செத்தார்கள்.

பட்டர்வொர்த் அண்ணன்:
எல்லாம் சரி, ஆனால் சமாதானம் என்றால் எப்போதும் வளைந்து கொடுப்பதுதான் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2 சாமுவேல் 20 பாருங்கள். தாவீதின் படைத்தலைவன் யோவாப் ஆபேல் பட்டணத்தைச் சுற்றி மண்மேடு போட்டு மதிலை இடித்துக்கொண்டிருக்கிறான். பெயர்கூடச் சொல்லப்படாத ஒரு பெண் உள்ளேயிருந்து அவனைக் கூப்பிட்டு, இஸ்ரவேலில் ஒரு தாய்ப்பட்டணத்தையா அழிக்கப் பார்க்கிறீர் என்று நேருக்கு நேர் கேட்கிறாள். அப்போதுதான் யோவாப் வாயிலிருந்து வருகிறது, எனக்கு ஊர் வேண்டாம், ராஜாவுக்கு விரோதமாகக் கையெடுத்துவிட்டு உள்ளே ஒளிந்திருக்கிற சேபா ஒருவன் போதும் என்று. சேபாவின் தலை மதிலுக்கு வெளியே வந்து விழுகிறது, படை கலைந்து போகிறது. அந்த முடிவு எனக்கு இன்றைக்கும் நெருடல்தான். ஆனாலும் அவள் கேட்டிராவிட்டால் அவனுக்கு என்ன வேண்டும் என்றே ஊருக்குத் தெரிந்திருக்காது. உங்கள் சபையில் அந்த இரண்டு குடும்பத்திடமும் தனித்தனியாகப் போய், உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று யாராவது கேட்டார்களா?

செந்தூல் வாலிபன்:
இல்லை அண்ணா, கூட்டம் போட்டு இரண்டு பக்கத்தையும் விட்டுக்கொடுங்கள் என்றுதான் சொன்னார்கள். இதை ஆயரிடம் பேசிப் பார்க்கிறேன், நான் சின்னவன், நானே அந்த வீடுகளுக்குப் போய்க் கேட்க முடியாது. வெள்ளிக்கிழமைக்கு அபிகாயிலை முழுசாக எடுக்கிறேன். கிதியோனையும் யெப்தாவையும் பிள்ளைகளே குழுவாக வாசித்துப் பேசட்டும், அந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் ஒரே குழுவில் போடுகிறேன். பிறை அக்கா, அந்த வேலைக்காரனைப் பற்றி இன்னும் ஏதாவது தோன்றினால் எழுதுங்கள், அவனை நான் கவனித்ததே இல்லை.