பகிர்வா, பொதுவைப்பா? விண்வெளி உயிரியலுக்கு ஒரு கலைச்சொல்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். ஆய்வுத் தரவை எல்லாரும் எடுத்துப் பார்க்கும்படி வைப்பதற்கு (open data sharing) நாம் சொல் தேடியபோது ஐயா எழுதியது இது:

> ‘திறந்த தரவுப் பகிர்வு’ என்றே வைத்துக்கொள்வோம். எல்லாருக்கும் புரிகிறது. அடுத்த சொல்லுக்குப் போகலாம்.

ஐயா, அடுத்த சொல்லுக்குப் போகுமுன் ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். ‘திறந்த’ என்பதில் எனக்கு வழக்கில்லை. ‘பகிர்வு’தான் இடிக்கிறது. பகிர்ந்தால் பங்கு வரும். பங்கு வாங்கியவர் அதை இலையில் மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். முனீஸ்வரன் பூசையில் கிடா வெட்டிக் கூறு போடுவதைப் பார்த்தவர்கள்தானே நாம்.

விண்வெளி உயிரியலில் நடப்பது வேறு. நாசாவின் ஜீன்லேப் (GeneLab) தரவகத்தைப் பாருங்கள். விண்வெளி நிலையத்துக்கு எலி அனுப்புவது பெரும் செலவு. ஒரு பயணத்தில் கொஞ்சம் எலிகள்தான் போக முடியும். அவற்றின் திசுக்களில் எடுத்த மரபணு அளவீடுகளை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி அங்கே வைத்திருக்கிறார்கள். எடுப்பதால் குறைவதில்லை. அந்தத் தரவைச் சுற்றியே ஆட்கள் கூடினார்கள். 2018 முதல் அங்கே பகுப்பாய்வுப் பணிக்குழுக்கள் இயங்குகின்றன. பல நாட்டு ஆய்வாளர்கள் சம்பளமில்லாமல் வந்து சேர்ந்தார்கள். தாமாக ஒரு எலியைக்கூட மேலே அனுப்பாதவர்களுக்கும் அங்கே இடம் கிடைத்தது. எலித் திசு, மனித உயிரணு இவற்றின் தரவுகளோடு 59 விண்வெளி வீரர்களின் ரத்த, சிறுநீர் அளவீடுகளையும் சேர்த்துப் பார்த்து, விண்வெளிப் பயணத்தில் உடல் படும் பாட்டின் மையத்தில் உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் நெருக்கடி இருக்கிறது என்று 2020-இல் ‘செல்’ (Cell) என்ற ஆய்விதழில் எழுதினார்கள். தனித்தனி ஆய்வகத்தில் தனித்தனியாகக் கிடந்திருந்தால் இது தெரிய வந்திருக்காது.

மலேசியாவில், தோட்ட ஊரான சுங்கை சிப்புட்டில் இருக்கும் நமக்கு இதற்கு வேறு உதாரணம் எதற்கு? சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்கார முதலாளிகள் ரப்பர் தோட்டங்களை விற்றபோது, வாங்கியவர்கள் கூறு போட்டு விற்றார்கள். ‘தோட்டத் துண்டாடல்’ என்ற சொல் அப்போது வந்ததுதான். தொழிலாளர்களுக்கு வேலையும் போனது, குடியிருந்த லயன் வீடும் போனது. அதைத் தடுக்கத்தான் நம் ஊர்க்காரரும் அமைச்சருமான துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதாமாதம் போட்ட பணம் ஒரே இடத்தில் சேர்ந்தது. அதைக் கொண்டு வாங்கிய தோட்டம் முழுசாக நின்றது. துண்டாடலுக்குப் பக்கத்தில் நிற்கும் சொல் பகிர்வு. எனக்கு வேண்டியது கூட்டுறவின் பக்கத்தில் நிற்கும் சொல்.

அதனால் என் முன்மொழிவு: தரவுப் பொதுவைப்பு. வைத்த இடம் பொதுவைப்பகம், வைத்தவர் வைப்பாளர். வினையாக வேண்டுமானால் ‘பொதுவில் வைத்தார்கள்’ என்று சாதாரணமாகவே சொல்லலாம்.

அன்புடன்,
சுங்கை சிப்புட் அறிவியல் ஆசிரியை

---

அம்மா, வணக்கம்.

துண்டாடலை நினைவுபடுத்திவிட்டீர்கள். எங்கள் குடும்பமும் அதில் அடிபட்டதுதான். ஆனாலும் இரண்டு தடை சொல்கிறேன். ஒன்று, ‘வைப்பு’ என்றதும் பேங்க் வைப்புத்தொகைதான் ஞாபகத்துக்கு வருகிறது; போட்டுப் பூட்டி வைப்பது போல. இரண்டு, வைத்துவிட்டால் மட்டும் போதுமா? பிறருக்குப் பயன்படும்படி வைக்க வேண்டாமா? அதைச் சொல் காட்டவில்லையே.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கோலகங்சார்

---

ஐயா,

முதல் தடைக்கு, ‘பொது’ என்ற முன்சொல் பூட்டைத் திறந்துவிடும் என்று நம்புகிறேன். பொதுக்கிணறு என்றால் யாரும் பூட்டை நினைப்பதில்லை.

இரண்டாவது தடையைத்தான் நான் யோசிக்காமல் விட்டிருந்தேன். நீங்கள் சொன்ன பிறகு சனிக்கிழமை அறிவியல் வட்டத்தில் நடந்தது ஞாபகம் வந்தது. படிவம் ஐந்து பிள்ளைகளுக்கு எலிக் கல்லீரல் அளவீடுகள் உள்ள ஒரு தொகுப்பைத் திரையில் காட்டினேன். ஒரு மாணவி கேட்டாள்: “டீச்சர், இந்த எலிங்க உயிரோட திரும்பி வந்துச்சா, இல்ல மேலேயே செத்துப்போச்சா?” மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். 2020-இல் ஜீன்லேப் தரவை வைத்து வந்த இன்னோர் ஆய்வு அதை ஒட்டிய ஒன்றைத்தான் காட்டியது: எலி செத்த பிறகு திசுவை எங்கே, எப்படி எடுத்தார்கள் என்பதும் முக்கியம். சில எலிகளை விண்வெளி நிலையத்திலேயே அறுத்துத் திசுவைப் பதப்படுத்தினார்கள்; சிலவற்றை அங்கே கொன்று, உடலை அப்படியே உறையவைத்துக் கொண்டுவந்து பூமியில் அறுத்தார்கள். இந்த முறை மாற்றத்தால் மரபணு அளவீட்டில் வந்த வேறுபாடு, விண்வெளிக்குப் போனதற்கும் போகாததற்கும் உள்ள வேறுபாட்டையே மூழ்கடித்துவிட்டது. எப்படிப் பதப்படுத்தினார்கள் என்ற குறிப்பு கூடவே இருந்ததால்தான் பிழையைக் கண்டுபிடிக்க முடிந்தது.

என் அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். அவர் வைத்திருந்த சின்ன நோட்டுப் புத்தகம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. தேதி, எந்த வெட்டுக்காடு (அன்று மரம் வெட்டிய பகுதி), பால் எடை. சில வரிகளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு ‘ம’. மழை. மழைத்தண்ணீர் கலந்தால் எடை கூடும், ரப்பர் கூடாது. அந்த ‘ம’ இல்லாமல் அந்தப் புத்தகத்தைப் படித்தால், எடை கூடிய நாளில் கூலி ஏன் குறைந்தது என்று யாருக்கும் விளங்காது.

இப்படித் தரவைப் பற்றிச் சொல்லும் குறிப்புக்கு (metadata) முன்பு இந்தக் குழுவில் ‘மீதரவு’ என்று முடிவு செய்தோம். அது மேலே எங்கோ நிற்கும் தரவு போல ஒலிக்கிறது. தரவோடு ஒட்டிக்கொண்டே போக வேண்டியதை உடன்குறிப்பு என்று சொல்லலாமா? அப்படியானால் உங்கள் இரண்டாவது தடைக்கும் விடை கிடைக்கும்: உடன்குறிப்போடு வைப்பதே பொதுவைப்பு, இல்லாவிட்டால் அது வெறும் வைப்பு. பொருள்விளக்க வரியிலேயே இதை எழுதிவிடலாம்.

‘பகிர்வு’ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு ஆய்வகம் இன்னோர் ஆய்வகத்துக்குக் கோப்பு அனுப்பினால் அது பகிர்வுதான்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்த மாணவி உடன்குறிப்புப் பட்டியலைத் தமிழில் தயாரித்துக் கொண்டுவந்தாள். முதல் நிரலின் தலைப்பாக ‘இறந்த இடம்’ என்றும், அதன் கீழே ‘சுற்றுப்பாதை’, ‘பூமி’ என்றும் எழுதியிருக்கிறாள். ‘உயிர்நீக்கக் களம்’ என்று மாற்றச் சொன்னார் ஒரு நண்பர். எனக்கு அவள் எழுதியதே சரி என்று படுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள், ஐயா?