டயரில் ஸ்க்ரூ, கொஞ்சம் ஓரமாக. பஞ்சர் போட்டால் போதுமா, மாற்றித்தான் ஆகணுமா?

வழிப்போக்கன்:
வணக்கம். பின்பக்க இடது டயரில் ஒரு ஸ்க்ரூ ஏறியிருக்கிறது. மூன்று வாரமாகவே அந்த ஒரு டயரில் மட்டும் காற்று இறங்கிக்கொண்டிருந்தது, நாலு நாளைக்கு ஒருமுறை அடித்துக்கொண்டு ஓட்டினேன், எங்கே போகிறது என்று தேடிப் பார்க்கவில்லை. முந்தாநாள் ராத்திரி வெளியூரிலிருந்து திரும்பும்போது டயர் விளக்கு எரிந்தது, வண்டியின் பின்பக்கம் லேசாக அலைவது போலவும் இருந்தது, குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள், இருட்டில் நிறுத்த மனம் வரவில்லை, அப்படியே 40 கிலோமீட்டர் வந்து சேர்ந்துவிட்டேன். காலையில் பார்த்தால் அதில் 9 பிஎஸ்ஐ, மற்ற மூன்றிலும் 32. ஸ்க்ரூவின் தலை ரோட்டில் உரசி உரசிக் காசு மாதிரிப் பளபளக்கிறது, அதனால் ஏறி நாளாகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

இரண்டு கடையில் கேட்டேன். ஒருவர் சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம், பத்து நிமிடத்தில் ஸ்ட்ரிப் போட்டுவிடலாம் என்றார். இன்னொருவர் ஓரமாக இருக்கிறது, ஒட்டினால் நிற்காது, புது டயர் போடுங்கள் என்றார். டியூப்லெஸ் டயர், பட்டன், அதாவது ரோட்டில் படும் பள்ளமும் மேடுமான ரப்பர், இன்னும் நன்றாக இருக்கிறது. யார் சொல்வது சரி?

தார்ச்சாலை:
முதலில், ஸ்க்ரூவைப் பிடுங்கிவிடாதீர்கள். இப்போது ஓட்டையை ஓரளவு அடைத்துக்கொண்டிருப்பதே அதுதான், எடுத்தால் சில நிமிடத்தில் ரிம் தரையில் உட்கார்ந்துவிடும். 30 வரைக்கும் காற்று அடித்துவிட்டு, சோப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கெட்டியாகக் கரைத்து ஸ்க்ரூவைச் சுற்றி ஊற்றிப் பாருங்கள். அப்படியே வால்வு மேலும், ரிம்மும் டயரும் சேருகிற விளிம்பிலும் ஊற்றுங்கள். கண்ணுக்குத் தெரிகிற ஸ்க்ரூ மேல் பழியைப் போட்டுவிட்டு, உண்மையில் வால்வில் கசிவதைக் கவனிக்காமல் விட்டவர்கள் நிறையப் பேர். அப்புறம் ஸ்க்ரூ எந்த இடத்தில் இருக்கிறது என்று சரியாகச் சொல்லுங்கள். "ஓரம்" என்றால் எவ்வளவு ஓரம்? டயரைச் சுற்றி நீளமாக ஓடும் பள்ளங்கள் இருக்குமே, அதில் கடைசிப் பள்ளத்துக்கு உள்ளேயா வெளியேயா?

ஐந்தாம்கியர்:
ஸ்ட்ரிப் போட்டுவிட்டு நான் இரண்டு வருஷம் ஓட்டினேன் நண்பரே, ஒரு பிரச்சினையும் இல்லை. புது டயர் தேவையே இல்லை.

ரப்பர்வாசம்:
உங்களுக்கு நின்றது நல்லதுதான், ஆனால் அதை வைத்து இவருக்குச் சொல்ல முடியாது. டயர் வேலையில் பல வருஷம் இருந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ரோட்டில் படுகிற பகுதிக்கு அடியில் எஃகுக் கம்பி அடுக்கு இருக்கிறது, அந்த இடம் அவ்வளவாக வளையாது, அதனால் அங்கே ஒட்டினால் நிற்கும். பக்கவாட்டில் அந்தக் கம்பி அடுக்கு கிடையாது, நூல் அடுக்குதான், சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் அங்கே வளைந்து நிமிர்கிறது. என்ன ஒட்டினாலும் அந்த வளைவில் பிய்த்துக்கொள்ளும். இரண்டும் சேருகிற தோள்பட்டைப் பகுதியும் அப்படித்தான். கார் டயரில் பட்டன் பகுதிக்குள், 6 மி.மீ.க்கு மேல் போகாத ஓட்டை என்றால்தான் ரிப்பேர். பக்கவாட்டு ஓட்டைக்கு டியூப் போட்டு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், டியூப் காற்றைப் பிடித்து வைக்கும், அறுந்த நூலைச் சேர்க்காது.

ஸ்ட்ரிப் என்பது வெளியிலிருந்து குத்தி ஏற்றும் பசைக் கயிறு. வழியில் மாட்டிக்கொண்டவருக்கு அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் டயரின் உட்பக்கத்தில் காற்றைப் பிடித்து வைக்கும் மெல்லிய ரப்பர் படலம் ஒன்று இருக்கிறது, அந்தக் கிழிசலை ஸ்ட்ரிப் மூடாது. முறையான வேலை என்றால் டயரை ரிம்மிலிருந்து கழற்றி, உள்ளேயிருந்து காளான் வடிவத்தில் இருக்கும் பேட்ச் போடணும். அதன் காம்பு ஓட்டையை நிரப்பும், குடை உட்பக்கம் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் இறங்கி எஃகுக் கம்பி துருப்பிடிக்காது. இன்னொரு லாபம், கழற்றினால்தான் உள்ளே பார்க்க முடியும்.

வழிப்போக்கன்:
ரொம்ப நன்றி. சோப்புத் தண்ணீர் ஊற்றினேன். வால்விலும் விளிம்பிலும் ஒன்றும் இல்லை. ஸ்க்ரூ தலையின் ஒரு பக்கத்தில் மட்டும் கடுகு கடுகாகக் குமிழி வந்து சேர்ந்துகொண்டே போனது, பத்து எண்ணுவதற்குள் ஒரு பட்டாணி அளவு. இடத்தையும் பார்த்தேன், கடைசிப் பள்ளத்துக்கு உள்பக்கம்தான், பள்ளத்திலிருந்து கட்டைவிரல் அகலம் உள்ளே. அதே மாதிரி ஸ்க்ரூ ஒன்று வீட்டில் இருந்தது, அதன் தண்டு 4 மி.மீ. அப்படியானால் ஓரம் என்று சொன்னவர் தப்பாகத்தானே சொல்லியிருக்கிறார்? உள்ளேயிருந்து பேட்ச் போட்டுவிட்டால் சரியாகிவிடும் இல்லையா?

தார்ச்சாலை:
இடமும் அளவும் சரியாக இருக்கிறது, பேட்ச் போடலாம். டயரின் வயசையும் பார்த்துவிடுங்கள். பக்கவாட்டில் டிஓடி என்று ஆரம்பிக்கும் வரிசையில் கடைசி நாலு எண், 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேட்டு அடையாளம் வரை பட்டன் தேய்ந்திருந்தால் 1.6 மி.மீ.தான் மிச்சம் என்று அர்த்தம், அப்படிப்பட்ட டயருக்குப் பஞ்சர் போடுவதே வீண்.

ரப்பர்வாசம்:
ஒரு நிமிஷம். முதல் பதிவில் நீங்கள் சொல்லிவிட்டுக் கடந்துபோன ஒரு விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. விளக்கு எரிய எரிய 40 கிலோமீட்டர். காற்று இல்லாமல் ஓடும்போது பக்கவாட்டு ரப்பர் மடங்கி மடங்கிச் சூடாகும், உள்பக்கம் தன்மேல் தானே உரசித் தேயும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது, திரும்பக் காற்று அடித்தால் புதுசு மாதிரி நிமிர்ந்து நிற்கும். பிறகு ஒருநாள் முழு பாரத்தோடு வேகமாகப் போகும்போது அந்த இடம் வெடிக்கும். பின்டயர் வெடித்தால் வண்டியைப் பிடித்து நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று நான் சொல்லத் தேவையில்லை, பின்சீட்டில் குழந்தைகள் வேறு.

ஆகவே தயவுசெய்து டயரைக் கழற்றச் சொல்லி, நீங்களே பக்கத்தில் நின்று உள்ளே பாருங்கள். கறுப்புத் தூள் இருக்கிறதா, பக்கவாட்டின் உட்புறத்தில் வளையம் மாதிரித் தேய்ந்த கோடு இருக்கிறதா, விரலால் தடவினால் சொரசொரப்பாக இருக்கிறதா. இதில் எது இருந்தாலும் அந்த டயரை விட்டுவிடுங்கள்.

ஸ்டெப்னி சின்ன சைஸாக இருந்தால் கடை வரைக்கும் மட்டும் போங்கள், அதன் மேல் போட்டிருக்கும் வேகத்தைத் தாண்டாதீர்கள், பெரும்பாலும் மணிக்கு 80 கி.மீ. தான் இருக்கும். அதற்குக் காற்றும் அதிகம் வேண்டும், வழக்கமாக 60 பிஎஸ்ஐ, மாட்டும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். நட்டை ஜாக்கி ஏற்றுவதற்கு முன்பே கொஞ்சம் தளர்த்திவிடணும்.

வழிப்போக்கன்:
இன்று கழற்றிப் பார்த்தாகிவிட்டது. கடைக்காரர் டயரைக் கவிழ்த்துத் தட்டினார், அரைத்த மிளகு மாதிரி ஒரு கைப்பிடி கறுப்புத் தூள் தரையில் விழுந்தது. உள்ளே விரலை விட்டுத் தடவினேன், ஓரிடம் வழவழப்பாக இருந்து, சட்டென்று உப்புத்தாள் மாதிரி மாறுகிறது, அந்தச் சொரசொரப்பு டயரைச் சுற்றி முழு வட்டமாகப் போகிறது. ஒரு பக்கத்தில் நூல் வெளியே தெரிந்தது. ஓட்டை மட்டும் சின்னதாக, ஒட்டுவதற்குச் சுலபமான இடத்தில் இருக்கிறது. இதையெல்லாம் பார்க்காமல் ஸ்ட்ரிப் போட்டுக்கொண்டு போயிருப்பேனே என்று நினைத்தால் கை நடுங்குகிறது.

மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டேன். ஒன்று போதுமா, இரண்டு போடணுமா? பின்பக்க வலது டயரில் 5 மி.மீ. பட்டன் இருக்கிறது. முன்சக்கரம் இழுக்கும் வண்டி.

ரப்பர்வாசம்:
பார்த்தது நல்லதாயிற்று. முடிந்தால் அதே அச்சில் இரண்டையும் புதுசாகப் போடுங்கள், ஒரே சைஸ், ஒரே பட்டன் வடிவம். புதுசு இரண்டும் பின்னால்தான் இருக்கணும், முன்சக்கரம் இழுக்கும் வண்டியானாலும். ஈர ரோட்டில் முன்பக்கம் வழுக்கினால் ஸ்டியரிங்கில் தெரியும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம், பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். இப்போதைக்கு ஒன்றுதான் முடியும் என்றால் வலதில் இருப்பதோடு பொருந்துகிற அதே மாடலை வாங்குங்கள். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியாக இருந்தால்தான் இந்த வித்தியாசம் பெரிய தொல்லை, உங்களுக்கு அது இல்லை. வால்வையும் புதுசாக மாற்றச் சொல்லுங்கள், பேலன்சிங் செய்யாமல் மாட்ட விடாதீர்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பாருங்கள்.

ஐந்தாம்கியர்:
நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். உள்ளே இப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது. என் டயரையும் கழற்றிப் பார்க்கிறேன்.

வழிப்போக்கன்:
இரண்டும் புதுசு, பின்னால் போட்டாயிற்று. கழற்றிய வலது டயரைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். இன்று காலை வண்டியை எடுக்கும் முன், டயர் சூடாவதற்குள் பார்த்தேன், நாலிலும் 32. நட்டுகளையும் முறுக்கிப் பார்த்தேன், இடது சக்கரத்தில் ஒன்று மட்டும் கால் சுற்று உள்ளே போனது.