அக்காவின் காருக்கு டைமிங் பெல்ட்: ஒரு வேலைக்கு இரண்டு எஸ்டிமேட்

குழு: நம்ம குடும்பம்

காலை 8:40

அக்கா: காரை சர்வீஸுக்கு விட்டிருந்தேன். டைமிங் பெல்ட் மாற்றியே ஆக வேண்டும் என்கிறார்கள். எஸ்டிமேட்டைப் பார்த்ததும் தலை சுற்றிவிட்டது. ஒரு ரப்பர் பெல்ட்டுக்கா இவ்வளவு? வேறொரு வொர்க்‌ஷாப்பில் கேட்டால் இதில் சரிபாதி சொல்கிறார்கள். யாரை நம்புவது?

சித்தப்பா: எவ்வளவு ஓடியிருக்கிறது?

அக்கா: 92,000 கி.மீ. சித்தப்பா. வாங்கி ஏழு வருஷம் ஆகப்போகிறது.

சித்தப்பா: ஒரு லட்சத்தில்தான் மாற்றுவார்கள். இன்னும் 8,000 பாக்கி இருக்கிறதே. நன்றாக ஓடுகிற வண்டியில் கை வைக்காதே.

அக்கா: நன்றாகத்தான் ஓடுகிறது. சத்தம் கித்தம் ஒன்றும் இல்லை. அதனால்தான் யோசனை.

நான்: அக்கா, ஓனர்ஸ் மேனுவலில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. கி.மீ. மட்டும் போட்டிருக்கிறதா, வருஷமும் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

அக்கா: [படம்]

நான்: ‘ஒரு லட்சம் கி.மீ. அல்லது 6 ஆண்டு, எது முந்துகிறதோ அது’ என்று இருக்கிறது. கி.மீ. பாக்கி இருக்கிறது, ஆனால் வருஷம் தாண்டிவிட்டது. நீ அடுத்த வாரம் வெளியூர் கிளம்புவதாக வேறு சொன்னாய். மாற்றாமல் அவ்வளவு தூரம் போகாதே.

சித்தப்பா: கம்பெனிக்காரன் எப்போதும் கொஞ்சம் முன்னாலேயே மாற்றச் சொல்வான்.

நான்: இருக்கலாம் சித்தப்பா. ஆனால் எவ்வளவு முன்னால் என்று நமக்குத் தெரியாதே. மாமா, நீங்கள் பார்த்தீர்களா?

காலை 9:25

மாமா: இப்போதுதான் பார்த்தேன். மாப்பிள்ளை, ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயதாகிறது. என்ஜின் சூடு, குளிர், மறுபடி சூடு. கி.மீ. குறைவு என்பதால் பெல்ட் இளமையாக இருக்காது. ஒவ்வொரு என்ஜினுக்கும் கணக்கு வேறு. சிலதில் ஒரு லட்சத்துக்கும் குறைவு, சிலதில் ஒன்றரை லட்சம்கூட இருக்கும். அதனால் அடுத்தவர் கார் கணக்கை இதற்குப் போடக் கூடாது. மேனுவலில் என்ன இருக்கிறதோ அதுதான்.

மாமா: சத்தம் வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்றும் இருக்காதே அம்மாடி. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரின் பேரிங் போனால் கிர்ரென்று சத்தம் வரும், பெல்ட் பெரும்பாலும் எதுவும் சொல்லாது. பழைய காலத்துப் பெல்ட்டில் வெடிப்பு தெரியும். இப்போது வருகிற ரப்பர் பார்வைக்கு நன்றாக இருக்கும்போதே உள்ளே இழை தளர்ந்திருக்கும்.

அம்மா: அறுந்தால் என்ன ஆகும்? வண்டி நின்றுவிடுமா?

மாமா: நிற்கும் அக்கா. அதோடு போனால் பரவாயில்லை. கிராங்க் ஷாஃப்ட் பிஸ்டனை மேலும் கீழும் ஓட்டுகிறது, கேம் ஷாஃப்ட் வால்வைத் திறந்து மூடுகிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. இந்தக் கணக்கைப் பிசகாமல் வைத்திருப்பது இந்தப் பெல்ட்தான். நிறைய என்ஜின்களில் வால்வு இறங்குகிற இடத்துக்கே பிஸ்டனும் ஏறி வரும். நேரம் வேறு வேறு என்பதால் இடிப்பதில்லை. பெல்ட் அறுந்தால் கேம் நின்றுவிடும், கிராங்க் ஓடின வேகத்தில் இன்னும் சுற்றும். திறந்தபடி நின்ற வால்வைப் பிஸ்டன் போய் அடிக்கும். வால்வு வளைந்துவிடும்.

தம்பி: 3,000 ஆர்.பி.எம்.மில், அதாவது நிமிடத்துக்கு 3,000 சுற்றில், கிராங்க் ஒரு நொடிக்கு 50 சுற்று. அப்படியென்றால் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. நாம் கவனித்து ஆஃப் செய்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

அண்ணி: எல்லா காரிலும் இப்படித்தானா மாமா?

மாமா: இல்லை. சில என்ஜினில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையே இடம் விட்டிருப்பார்கள். பெல்ட் அறுந்தால் வண்டி நிற்கும், புதுப் பெல்ட் போட்டால் ஓடும். இவளுடைய கார் அந்த வகை இல்லை. என்ஜின் குறியீட்டை வைத்துப் பார்த்துவிட்டேன்.

அக்கா: சரி மாமா, மாற்ற வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் செலவு? பெல்ட் விலையை ஆன்லைனில் பார்த்தேன். எஸ்டிமேட்டில் அது ஒரு சின்னப் பங்குதான் வருகிறது. மீதியெல்லாம் எதற்கு?

மாமா: கூலிதான். இரு, வீட்டுக்குப் போய் நிதானமாக எழுதுகிறேன்.

காலை 10:50

மாமா: எழுதுகிறேன், பொறுமையாகப் படி. உன் காரில் என்ஜின் குறுக்கே இருக்கிறது. பெல்ட் அதன் பக்கவாட்டில், சக்கரத்தை ஒட்டி. முதலில் அந்தப் பக்கச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும், பிறகு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பு. அப்புறம் ஆல்டர்னேட்டரை ஓட்டுகிற வெளிப் பெல்ட். அடுத்து கிராங்க் புல்லி. அதன் போல்ட் லேசில் அசையாது. இனிமேல்தான் பெரிய வேலை: என்ஜினைத் தாங்குகிற அந்தப் பக்க மவுன்ட் பெல்ட்டுக்கு நடுவே நிற்கிறது. என்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தாங்கிப் பிடித்துக்கொண்டு மவுன்ட்டைக் கழற்ற வேண்டும். அப்புறம் மேல் கவர், கீழ்க் கவர். அதன் பிறகுதான் பெல்ட் கண்ணில் படும்.

மாமா: அங்கே கிராங்க்கிலும் கேமிலும் உள்ள குறிகளைச் சேர்த்து வைத்து, அசையாமல் லாக் பின் போட்டுப் பூட்ட வேண்டும். ஒரு பல் தள்ளிப் போனாலும் என்ஜின் உதறும், இன்னும் தள்ளினால் வால்வே இடிக்கும். பழைய பெல்ட்டை எடுத்துப் புதுசு மாட்டுவது கொஞ்ச நேர வேலை. மாட்டியதும் உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஸ்பேனர் போட்டுக் கையாலேயே கிராங்க்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மறுபடி சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்காவது தடுத்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பிறகு கழற்றினது எல்லாம் திரும்ப மாட்ட வேண்டும். சாதாரண நாலு சிலிண்டர் காரில் மூன்று முதல் ஐந்து மணி நேரம் பிடிக்கும். குறுக்கே வைத்த வி6 என்ஜின் என்றால் இன்னும் கூடும். உன் பில்லில் பாதிக்கு மேல் இந்த நேரம்தான்.

அண்ணி: அதாவது பெல்ட்டுக்குக் காசு குறைவு, பெல்ட் வரைக்கும் போய்ச் சேரத்தான் காசு.

மாமா: ஆமாம். அதனால்தான் அங்கே போகிற அன்றைக்கே உள்ளே இருப்பதை எல்லாம் மாற்றிவிட வேண்டும் என்பேன். டென்ஷனர், பெல்ட்டுக்கு வழி காட்டுகிற ஐட்லர் புல்லி இரண்டும் பெல்ட்டோடு சேர்ந்தே இத்தனை வருஷம் சுற்றியவை. உன் என்ஜினில் வாட்டர் பம்ப்பையும் இந்தப் பெல்ட்தான் ஓட்டுகிறது. புதுப் பெல்ட் போட்டுப் பழைய பம்ப்பை விட்டால், அடுத்த வருஷம் பம்ப் ஒழுகும்போது இதே மூன்று முதல் ஐந்து மணி நேரக் கூலியை மறுபடி கொடுக்க வேண்டும். என்ஜினைக் குளிர்விக்கிற கூலன்ட் ஒழுகிப் பெல்ட்டில் பட்டால் அதுவும் கெட்டுவிடும். பம்ப் பேரிங் இறுகினால் பெல்ட்டையே அறுத்துவிடும்.

நான்: அக்கா, இரண்டு எஸ்டிமேட்டையும் முழுசாக அனுப்பு. மொத்தத் தொகையை மறைத்துவிடு, உள்ளே என்னென்ன இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

அக்கா: [படம்] [படம்]

நான்: பாதி விலை எஸ்டிமேட்டில் ‘டைமிங் பெல்ட், லேபர்’ என்று இரண்டே வரி. டென்ஷனர் இல்லை, ஐட்லர் இல்லை, பம்ப் இல்லை, கூலன்ட் இல்லை. எந்தக் கம்பெனி பெல்ட் என்றும் போடவில்லை.

தம்பி: அவர் ஏமாற்றுகிறாரா?

மாமா: அப்படிச் சொல்லாதே. இவள் ‘டைமிங் பெல்ட் மாற்ற எவ்வளவு’ என்று கேட்டிருப்பாள், அவர் கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். பெல்ட், டென்ஷனர், ஐட்லர் சேர்ந்த முழு கிட்டுக்கு எவ்வளவு என்று கேட்டுப் பார். பெரிய எஸ்டிமேட்டில்தான் எனக்கு வருத்தம். கிட், பம்ப், கூலன்ட், வெளிப் பெல்ட், கிராங்க் புல்லிக்குப் புது போல்ட், கேம் சீல், கிராங்க் சீல். இது வரைக்கும் நியாயம். சில போல்ட்டை ஒரு முறை இறுக்கினால் அது நீண்டுவிடும், திரும்பப் போடக் கூடாது. சீல் வழியாக ஆயில் கசிந்தால் பெல்ட் ஊறிக் கெடும், ஏழு வருஷ வண்டிக்கு மாற்றுவதில் தப்பில்லை. ஆனால் கீழே பார்: இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் பாடி கிளீனிங், என்ஜின் ஃபிளஷ், ஏ.சி. கிருமி நீக்கம். இதற்கும் பெல்ட்டுக்கும் சம்பந்தமே இல்லை. அந்த நாலு வரியையும் எடுக்கச் சொல்.

அண்ணி: வெளிப் பெல்ட்டும் வேண்டுமா? அது நன்றாக இருந்தால்?

மாமா: எப்படியும் கழற்றி மாட்டப் போகிறார்கள். பெல்ட் விலை மட்டும்தான் கூடுதல், கூலி இல்லை. வெடிப்பு இருந்தால் மாற்று, இல்லாவிட்டால் விட்டுவிடு.

சித்தப்பா: மச்சான், ஒரு கேள்வி. அறுந்த பிறகு சரி செய்ய எவ்வளவு ஆகும்? இதைப் போல இரண்டு மடங்கு?

மாமா: பல மடங்கு மாப்பிள்ளை. வால்வுகள் இருக்கிற மேல் பாகமான ஹெட்டைக் கழற்ற வேண்டும். வளைந்த வால்வு எல்லாம் புதுசு, வால்வு கைடு போயிருந்தால் அதுவும், ஹெட் கேஸ்கட், புது ஹெட் போல்ட், ஹெட்டின் முகத்தைச் சமப்படுத்த வெளிப் பட்டறை. பிஸ்டனில் ஓட்டை விழுந்திருந்தால் கீழே என்ஜினையும் பிரிக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு இதே கிட்டும் பம்ப்பும் போட்டாக வேண்டும், அது மிச்சமாகாது. பழைய காரென்றால் வண்டியின் மதிப்பையே செலவு தாண்டிவிடும். ஓட்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று என்ஜின் நின்றால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கனத்துப் போகும், அந்த ஆபத்து தனி.

சித்தப்பா: சரி. 8,000 கி.மீ. பேச்சை விட்டுவிடுகிறேன்.

அம்மா: அவள் வெளியூர் போவதற்கு முன்னாலேயே மாற்றிவிடச் சொல்லுங்கள். எனக்கு இதைக் கேட்டதிலிருந்து நிம்மதி இல்லை.

மாமா: மாற்றிவிடலாம் அக்கா, ஒரு நாள் வேலைதான். எல்லாரும் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஓடுகிற வண்டி சட்டென்று நின்று, மறுபடி சாவியைத் திருப்பும்போது என்ஜின் வழக்கமான தடுமாற்றம் இல்லாமல் விர்ர்ரென்று லேசாகச் சுற்றினால் உடனே விட்டுவிடுங்கள். வால்வு மூடாததால் அழுத்தம் இல்லை, அதனால்தான் அவ்வளவு லேசு. திரும்பத் திரும்பச் சாவி போட்டால் தப்பின வால்வும் வளையும்.

மதியம் 1:15

தம்பி: ஏன்தான் பெல்ட் வைத்தார்கள் என்று தேடிப் பார்த்தேன். 1962-இல் ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம் 1004 என்ற காரில், விற்பனைக்கு வந்த கார்களிலேயே முதலாவதாக, பல் வைத்த ரப்பர் பெல்ட்டைக் கேமுக்குப் போட்டிருக்கிறது. 1966-இல் ஃபியட் 124 ஸ்போர்ட்டில் இரண்டு கேமுக்கும் பெல்ட். இதே வேலையைச் செய்கிற செயினைவிடச் சத்தம் குறைவு, எடை குறைவு, ஆயில் தேவையில்லை, செய்யச் செலவும் குறைவு.

அண்ணி: செய்கிறவருக்கு மிச்சம், அந்தச் செலவு ஓட்டுகிறவர் தலையில்.

மாமா: செயின் என்றாலும் சும்மா இருக்க முடியாது. ஆயிலை நேரத்துக்கு மாற்றாவிட்டால் செயினும் நீளும், அதை மாற்றுவது இன்னும் பெரிய வேலை. ஆயிலுக்குள்ளேயே ஓடுகிற பெல்ட்டும் இருக்கிறது, தொடக்கத்தில் வந்த ஃபோர்டின் 1.0 ஈகோபூஸ்ட், பியூஜோவின் 1.2 ப்யூர்டெக் என்ஜின்கள் மாதிரி. அதில் தப்பான ஆயில் ஊற்றினால் ரப்பர் உதிர்ந்து, ஆயில் உறிஞ்சுகிற வலையை அடைக்கும்.

மாலை 5:30

அக்கா: பாதி விலை சொன்ன வொர்க்‌ஷாப்புக்கு நேரிலேயே போனேன். முழு கிட், பம்ப், கூலன்ட், சீல், புது போல்ட் என்று சொன்னதும் அவரே ‘அப்படிச் செய்வதுதான் சரி’ என்று புது எஸ்டிமேட் போட்டார். முதலில் சொன்னதைவிடக் கூடுகிறது, ஆனால் பெரிய இடத்தில் அந்த நாலு வரியை எடுத்த பிறகும் அதைவிடக் கணிசமாகக் குறைவு.

மாமா: அங்கே மணி நேரக் கூலி குறைவாக இருக்கும், அதுதான் வித்தியாசம். இந்த என்ஜினில் முன்பு செய்திருக்கிறாரா என்று கேட்டாயா? பூட்டுகிற பின் செட் வைத்திருக்கிறாரா?

அக்கா: கேட்டேன் மாமா. பெட்டியைத் திறந்தே காட்டினார். கேட்ஸ் அல்லது ஐ.என்.ஏ. கம்பெனி கிட் போடுவதாகச் சொல்கிறார். எது வேண்டும்?

மாமா: இரண்டும் நல்லது. ஆனால் கிட்டைப் பிரிக்காத பெட்டியோடு உன்னிடம் காட்டச் சொல், பார்ட் நம்பரை உன் என்ஜின் குறியீட்டோடு சரிபார். இந்தச் சாமானில் போலி நிறைய வருகிறது. பழைய பெல்ட்டையும் பம்ப்பையும் கேட்டு வாங்கிக்கொள். மாற்றின தேதியும் கி.மீ.யும் எழுதி பானெட்டுக்கு அடியில் ஒட்டச் சொல்.

நான்: பில்லில் ஒவ்வொரு சாமானும் தனி வரியாக இருக்கட்டும் அக்கா. வேலைக்கு எத்தனை மாதம் உத்தரவாதம் என்றும் அதிலேயே எழுதி வாங்கு. பிற்பாடு விற்கும்போது இந்த ஒரு பில் இல்லாவிட்டால் வாங்குகிறவர் மாற்றவே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார். அப்படி எடுத்துக்கொள்வதுதான் அவருக்கும் பாதுகாப்பு.

அக்கா: சரி. நாளைக்குக் காலையில் விட்டால் சாயங்காலம் தருகிறாராம். வெளியூர்ப் பயணம் அதற்குப் பிறகுதான் அம்மா.

அம்மா: நல்லது.

தம்பி: அக்கா, பழைய டென்ஷனரை எனக்குக் கொண்டு வா, பேரிங்கைச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

சித்தப்பா: மச்சான், என் வண்டி டீசல். எட்டு வருஷம் ஆகிறது. அதில் பெல்ட்டா, செயினா?

மாமா: டீசலில் இரண்டும் உண்டு. பெல்ட் என்றால் சிலதில் டீசல் பம்ப்பையும் அதுவே ஓட்டும், பாரம் இன்னும் அதிகம். மேனுவலில் சர்வீஸ் அட்டவணையைப் பாருங்கள்.

சித்தப்பா: புத்தகம் வண்டியில்தான் இருக்கிறது. எடுத்து வந்து படம் அனுப்புகிறேன்.

மாமா: அனுப்புங்கள் மாப்பிள்ளை. ஆர்.சி.யில் இருக்கிற என்ஜின் நம்பரை இங்கே போடாமல் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.